உப்பு முன்னப்பின்ன இருக்கும்

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. அந்த நேரத்தில்தான் டிவியில் சமையல் போட்டி. உலையை இறக்கி வைத்துவிட்டு, அரைத்த மசாலாவை அப்படியே விட்டுவிட்டு, எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். பன்னிரண்டரைக்கு மேல் பசி வந்ததும், இன்னும் சோறு ஆகவில்லையா என்று ஆம்பிளைகள் சத்தம் போடுவார்கள். அவர்களும் அதுவரை அதே டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்திருந்த காலம் அது. ஓடைப்பட்டியில் டிவி இல்லாத வீடு இல்லை. இருந்தும் இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் பாதித் தெரு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். தனியாக உட்கார்ந்து பார்த்தால் யாரோடு சேர்ந்து திட்டுவது? மேடையில் நான்கு பெண்கள் சமைப்பார்கள். எங்கள் வீட்டுக்குள் இருபது பேர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

"அடியே, வெங்காயம் கருகுது, திரும்பிப் பாருடி!"

"அவ எங்கிட்டுப் பாக்கப் போறா? கேமராவப் பாத்துல்ல இளிச்சிக்கிட்டு நிக்கிறா."

"இம்புட்டு எண்ணெயா ஊத்துவாக? அவ அப்பன் செக்கு வச்சிருப்பான் போல."

கடைசியாகச் சொன்னது பக்கத்து வீட்டு மதினி. அவளுக்கு வாய் எப்போதும் முன்னால் போகும். ஆம்பிளைகள் அதற்கு மேல். வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள், "மசாலா பச்ச வாசம் போகல" என்று தீர்ப்புச் சொல்வார்கள். டிவியில் எங்கிருந்து வாசம் வந்தது என்று ஒருநாள் கேட்டேன். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார்.

எனக்கு இந்தக் கூட்டத்தைப் பார்த்தாலே எரிச்சல் வரும். காரணம் இருந்தது. எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். வெட்டு நாளில் பழம் பறிக்க, பெட்டியில் அடுக்க, லோடு ஏற்ற என்று நாற்பது பேர் வருவார்கள். வியாபாரி வண்டியோடு குமுளிப் பக்கத்து ஆட்களும் வந்துவிடுவார்கள். அத்தனை பேருக்கும் மதியச் சோறு நான்தான் ஆக்குவேன். கல்யாணமாகி வந்த வருசத்திலிருந்து ஆக்குகிறேன். விடிவதற்குள் அரிசி களைந்து, குழம்பு கூட்டி, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ரெண்டு வைத்து, கொடிப் பந்தலுக்கடியில் கொண்டு போய் இறக்குவேன். தின்றவர்கள் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஒங்க வீட்டுச் சாப்பாடு நல்லாருக்குங்க" என்பார்கள். அவர் தலையாட்டுவார். வீடா சமைத்தது?

எனக்கு ஒரு ஆசை இருந்தது. விசேஷ வீட்டுக்குச் சமைக்கப் போக வேண்டும். கூலிக்கு, பேர் சொல்லி, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப்பட்டுப் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் அது ஆம்பிளை வேலை. தவசுப்பிள்ளை என்று சொல்வோம். அவர் நாலு ஆளோடு வருவார், பள்ளம் தோண்டி அடுப்பு மூட்டுவார், பெரிய பாத்திரங்களை ஏற்றவைப்பார். பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போக வேண்டும். நான் கேட்ட இடத்திலெல்லாம் சிரித்தார்கள். "அண்டாவத் தூக்குவியா நீ?" என்றார்கள். தவசுப்பிள்ளை தூக்கி நான் பார்த்ததே இல்லை. அவர் கைகாட்டுவார், ஆள் தூக்குவான்.

அந்த வருசம் ஆவணியில் பெரிய மாமா வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். பெரிய மாமா என் மாமனாருக்கு அண்ணன். ஊரில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். அவரே என்னைச் சமைக்கச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் சிரிக்க முடியாது. போய்க் கேட்டேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"வீட்டு மருமக வேற. சம்மந்தகாரக உத்தமபாளையத்துல இருந்து வருவாக. பாக்கலாம் ஆத்தா."

அது இல்லை என்று சொல்வதற்கான மரியாதையான வழி. எனக்குத் தெரியும்.

இதற்கு நடுவில்தான் பக்கத்து வீட்டு மதினி ஒரு வேலை செய்தாள். அந்தச் சமையல் நிகழ்ச்சிக்காரர்கள் மதுரைக்கு வருகிறார்கள், விருப்பமுள்ளவர்கள் போன் செய்யலாம் என்று டிவியில் கீழே ஓடியிருக்கிறது. என்னைக் கேட்காமல் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். கேட்டதற்கு, "எப்பப் பாரு டிவில வாறவளுகள நொட்டச் சொல்ற, நீயே போயி வெட்டி முறிச்சிட்டு வா" என்றாள். அவர்கள் கூப்பிட்டும்விட்டார்கள். பெரிய மாமா காதுக்கு விஷயம் போனது. அவரே வீட்டுக்கு வந்தார்.

"டிவில வரட்டும். ஊரு பாக்கட்டும். பெறகு காதுகுத்துக்கு ஒன்னயவே சொல்லிருவோம்."

ஆக, எனக்கு அந்தப் போட்டியில் பரிசெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. காதுகுத்துச் சமையல் தெரிந்தது.

மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேடை போட்டு எடுத்தார்கள். நானும் வீட்டுக்காரரும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனோம். எங்கள் ஊர்ச் சமையல் ஒன்று செய்யச் சொன்னார்கள். வெள்ளாட்டுக் கறிக்குழம்பு வைத்தேன். சின்ன வெங்காயம் உரித்து, வதக்கி, அரைத்து, தேங்காய் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கிற குழம்பு. காதுகுத்து வீட்டில் வைக்கிற அதே குழம்பு. நெருப்பு புது மாதிரி, குக்கர் அவர்களுடையது, தலைக்கு மேல் விளக்குச் சூடு. ஆனாலும் குழம்பு நன்றாகத்தான் வந்தது. எனக்குத் தெரியாதா?

ருசி பார்க்க இரண்டு பேர். ஒருவர் பெரிய ஓட்டல் சமையல்காரர், தலையில் வெள்ளைக் குல்லா. இன்னொருவர் சீரியலில் நடிக்கிற அம்மா. குல்லாக்காரர் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார்.

"எப்படி வந்திருக்கும்மா உங்க குழம்பு?"

நான் சொன்னேன்: "ஏதோ வச்சிருக்கேங்க. உப்பு ஒறப்பு முன்னப்பின்ன இருக்கும். பாத்துச் சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்கு நீங்கள் சாப்பிடப் போனாலும் இந்த வார்த்தை இல்லாமல் இலையில் குழம்பு விழாது. ஆக்கினவள் தன்னைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும். தின்கிறவர், "ஒண்ணும் கொறையில்ல, நல்லாருக்கு" என்று தூக்கிச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால்தான் அது முழுப் பேச்சு. என் பாதியை நான் சொல்லிவிட்டேன். அவர் பாதியை அவர் சொல்லவில்லை.

"என்னம்மா, சமைச்ச உங்களுக்கே சந்தேகம்னா நாங்க எப்படி மார்க் போடுறது? கான்ஃபிடன்ஸ் வேணும்ல?" என்றார். வாயில் வைத்தார். "ஆமா, உப்பு ஒரு கல் கம்மிதான்" என்றார். நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த ஒரு கல் அவர் நாக்குக்குத் தெரிந்திருக்காது. இதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். எனக்குப் பக்கத்தில் நின்ற கோயம்புத்தூர்ப் பெண், "சூப்பரா வந்திருக்கு சார், சாப்பிட்டா விட மாட்டீங்க" என்றாள். அவள் ஜெயித்தாள். நான் கடைசி.

ஒளிபரப்பாகும் வரைக்கும் முடிவை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதுதான் என்னைக் கொன்றது. ஊருக்குள் கால் வைத்ததும் கேட்க ஆரம்பித்தார்கள். "டிவில பாத்துக்கங்க" என்று சொன்னேன். "சரிதான், செயிச்சிட்டா, அதான் சொல்ல மாட்டேங்கிறா" என்று அவர்களே முடிவு கட்டினார்கள். தோற்றவள் அழுதுகொண்டு வந்து சொல்லிவிடுவாளாம்.

அடுத்த வாரம் வரும் என்றார்கள். வரவில்லை. அதற்கடுத்த வாரம் கிரிக்கெட் என்று தள்ளினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் தெரு மொத்தமும் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, நான் வராததைப் பார்த்துவிட்டு எழுந்து போகும். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, திரும்ப எடுத்துக் கழுவுவேன். தோட்டத்துக்குப் போவேன், போன வேலை மறந்து திரும்பி வருவேன். பந்தலுக்கடியில் கொடி கட்டிக்கொண்டிருக்கும்போது கை தானாக நின்றுவிடும். பெரிய மாமா வழியில் பார்த்தால், "எப்ப ஆத்தா வருது?" என்பார். இன்னும் வேறு யாரையும் அவர் சமையலுக்குச் சொல்லவில்லை. எனக்காக நிறுத்தி வைத்திருந்தார். அது இன்னும் வேதனை. ஒரேயடியாக வந்து தொலைந்தால் பரவாயில்லை என்றிருக்கும். அடுத்த நிமிசம், வரவே கூடாது என்றிருக்கும்.

வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். மண்டபத்தில் அவரைப் பார்வையாளர் நாற்காலியில் உட்காரவைத்து, கைதட்டச் சொன்னால் தட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். கோயம்புத்தூர்ப் பெண் ஜெயித்ததற்கும் இவர் கை தட்டினார்.

"அன்னைக்குக் கரண்ட் போயிரும் பாரு" என்று என்னைத் தேற்றினார். அந்த வருசம் தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. மோட்டார் ஓடாமல் தோட்டம் காய்ந்தது. ஆனால் ஆடி பிறந்து, நான் சமைத்த நிகழ்ச்சி கடைசியில் ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை பகலில் கரண்ட் போகவில்லை. விளக்கு கூட மங்கவில்லை.

வீடு நிறைந்து வாசல் வரை ஆள். பெரிய மாமாவுக்கு நாற்காலி போட்டிருந்தது. மாமியார் டிவிக்கு நேராகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படி நிலையில் நின்றேன். உட்கார் என்றார்கள், உட்காரவில்லை.

நான் திரையில் வந்ததும் ஒரே கூச்சல். "ஏய், வந்துட்டா! வந்துட்டா!" சேலை நன்றாக இருக்கிறது என்றார்கள். முகம் கறுத்துத் தெரிகிறது என்றார்கள். நான் வெங்காயம் உரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. அதை மட்டும் கிட்டத்தில் காட்டி, பின்னால் சோகமாக வயலின் போட்டுவிட்டார்கள்.

மாமியார் திரும்பி என்னைப் பார்த்தார். "எதுக்கு அழுத?"

"வெங்காயம் அத்தே."

"வெங்காயத்துக்கா பாட்டுப் போடுவாக?"

நான் என்ன சொல்ல? அதற்குள் அங்கே குல்லாக்காரர் கரண்டியை எடுத்துவிட்டார். எப்படி வந்திருக்கும்மா என்று கேட்டார். நான், உப்பு ஒறப்பு முன்னப்பின்ன இருக்கும் என்று சொன்னேன். வீட்டில் இருந்த யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. ரெண்டு மூன்று கிழவிகள் சரிதான் என்று தலையாட்டினார்கள். மாமியார் முகத்தில் ஒரு நிறைவு. மருமகளைப் போன இடத்தில் யாரும் வளர்ப்புச் சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள் அல்லவா?

குல்லாக்காரர் அடுத்துப் பேசியது முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. அப்புறம் சத்தம் கிளம்பியது.

"ஏலே, என்னலே சொல்றான் இவன்?"

"இவ சந்தேகமா இருக்குன்னா சொன்னா? பாத்துச் சொல்லுங்கன்னுதான சொன்னா!"

"அவன் ஒருத்தர் வீட்லயும் கை நனச்சிருக்க மாட்டான். தின்னத் தெரியாதவன்லாம் தீர்ப்புச் சொல்ல வந்துட்டான்."

"தொப்பியப் பாரு, கொக்கு உக்காந்த மாதிரி."

பக்கத்து வீட்டு மதினி என் பக்கம் திரும்பினாள். "நீயும் என்னத்துக்கு அப்பிடிச் சொன்ன? பிரமாதமா இருக்குன்னு அடிச்சு விட வேண்டியதுதான? அந்தா பாரு, அந்தக் கோயமுத்தூரு எப்பிடிப் பேசுறா!"

"தான் ஆக்குனதத் தானே மெச்சிக்கிறதா?" என்றார் மாமியார். எனக்காக அவர் வாய் திறந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "எம் மருமக சொன்னதுதான் மொற. மார்க்கு எவனுக்கு வேணும்?"

"மார்க்குக்குத்தான அத்த போனா?"

"போனது அவ. அனுப்புனது நீ."

அதோடு ரெண்டு பேருக்கும் சண்டை. டிவியில் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு மாலை போட்டார்கள், யாரும் பார்க்கவில்லை. நான் பெரிய மாமாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நேரமாச்சு" என்றார். போய்விட்டார்.

அதற்கப்புறம் என்னால் தெருவில் நடக்க முடியவில்லை. சின்னமனூர் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பொம்பளை என் தோளைத் தட்டி, "நீங்க டிவில அழுதவுகதான? மனசத் தேத்திக்கங்க" என்றாள். மளிகைக் கடைக்காரர் சாமான் கட்டும்போது, "உப்பு ஒண்ணு சேத்துப் போடவா மதினி?" என்று கேட்டுவிட்டுச் சுற்றிப் பார்த்தார். நின்றவர்கள் சிரித்தார்கள். என் சோற்றை இத்தனை வருசம் தின்ற தோட்டத்து ஆட்களில் ஒருவன், அடுத்த வெட்டு நாளில், குழம்பைத் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கம்மியோ?" என்றான். அதுவரைக்கும் அவன் நக்கிப் பார்த்ததே இல்லை. அள்ளி அள்ளித் தின்பான். அவன் தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் வந்து சமாதானம் பண்ணினார்.

பெரிய மாமாவிடமிருந்து பேச்சு மூச்சில்லை. சின்னமனூர் தவசுப்பிள்ளையைக் கேட்டு ஆள் விட்டிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நேராக அவர் தோட்டத்துக்குப் போனேன். பந்தலுக்கடியில் கொடிக்கு அடிக்கிற மருந்தை டிரம்மில் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் சமைக்கவா, வேண்டாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க."

"இரு ஆத்தா. எடுத்தேன் கவுத்தேன்னு கேட்டா?"

"ஆடி முடியப் போகுது."

அவர் குச்சியைக் கீழே வைத்தார். "ஒங்கையி நல்ல கையிதான். நான் இல்லங்கல. ஆனா ஊரே பாத்திருச்சு. பந்தியில ஒருத்தன் உப்பு கம்மின்னு சொல்லிட்டா, பக்கத்துல இருக்கவனுக்கும் கம்மியாத்தான் தெரியும். பெறகு பந்தி பூராவும் அதான் பேச்சு. சம்மந்தகாரக முன்னாடி எனக்கு அவமானமில்லையா?"

"எங்க தோட்டத்து வெட்டுல எத்தன நாளு எங் கையில தின்னிருக்கீக. உப்பு கம்மியா இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப அவன் நாக்கு ஒசத்தி, ஒங்க நாக்கு மட்டமா?"

"ஏன்த்தா இப்பிடிப் பேசுற? நான் சொல்றது ஊரப் பத்தி."

"ஊரு தின்னுச்சா? ஊரு டிவியத்தான பாத்துச்சு!"

அவர் குச்சியை எடுத்துத் திரும்பவும் கலக்க ஆரம்பித்தார். எனக்குக் கோபம், மருந்து வாடை வேறு. வந்துவிட்டேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வீட்டுக்காரர் சாப்பாட்டைப் பற்றி நல்லது கெட்டது எதுவும் சொல்லாமல் தின்றுவிட்டு எழுந்து போனார். புத்திசாலி.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பெரிய மாமா வந்தார். கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம். முகமெல்லாம் சிரிப்பு.

"உத்தமபாளையத்துல இருந்து போன் பண்ணுனாக. ஒங்க வீட்டு மருமக டிவில வந்துச்சாமே, அதுதான் காதுகுத்துக்குச் சமைக்குதான்னு கேக்குறாக. அவுக தெருப் பூராம் சொல்லிட்டாகளாம். ஆமான்னுட்டேன்."

"நான் தோத்ததப் பாத்தாகளா, பாக்கலையா?"

"அதெல்லாம் யாரு பாத்தா? டிவில வந்தியா இல்லையா? அம்புட்டுத்தான்."

எனக்கு அந்தத் தாம்பாளத்தைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. குழம்பு நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி ஒருவருக்கும் அக்கறை இல்லை. வேண்டாம் என்றதும் டிவியால், வேண்டும் என்பதும் டிவியால். நிலையில் நின்ற வீட்டுக்காரர், வாங்கு வாங்கு என்று கண்ணைக் காட்டினார். மாமியார் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். எனக்கு வேறு வழி இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இதை விட்டால் இன்னொருவர் வெற்றிலை வைக்க எத்தனை வருசம் ஆகும்? வாங்கிக்கொண்டேன்.

"ஒண்ணு மாமா. ஆளுக எல்லாம் நான் சொல்றதக் கேக்கணும். ஒருத்தரும் அங்கன வந்து குறுக்க பேசக் கூடாது."

"ஒரு பய வாயத் தெறக்க மாட்டான்."

"எத்தன பேருக்கு?"

"முந்நூறு வச்சுக்க."

அவர் சொன்னபடி ஆட்கள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பெரிய மாமா சும்மா இருக்கவில்லை. காதுகுத்து அன்று காலை மண்டப வாசலில் பிளக்ஸ் கட்டியிருந்தார். பேரன் படம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நான். டிவியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேனே, அந்தப் படம். "டிவி புகழ்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே என் பெயர். நான் பார்த்தபோது அடுப்பில் கறி ஏறிவிட்டது. அவிழ்க்கச் சொல்லிச் சண்டை போட நேரமில்லை.

பொழுது ஏற ஏற ஆள் வர ஆரம்பித்தது. சாப்பிட வந்தவர்கள் நேராகச் சமையல் கொட்டகைக்கு வந்தார்கள். நின்று என்னைப் பார்த்தார்கள். "இந்தா இவுகதான்" என்று காட்டினார்கள். ஒரு பொம்பளை தன் மகளை என் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, டிவியில் குட்டையாகத் தெரிந்ததே என்றாள். "வெங்காயம் உரிக்கிறதா இருந்தா இருங்க. இல்லாட்டி பந்திக்குப் போங்க" என்றேன். போனார்கள். பெரிய அண்டாவில் குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்து வந்தது. நான் உப்பு பார்த்தேன். சரியாக இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை.

முதல் பந்தி உட்கார்ந்தது. நான் கொட்டகைத் தட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். யாராவது உப்பு என்று சொல்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மளிகைக் கடைக்காரர் முதல் வரிசையிலேயே இருந்தார். அவர் சோற்றைப் பிசைந்தார். வாயில் வைத்தார். நிமிரவில்லை. "இங்கன கொழம்பு கொண்டா" என்று கையைத் தூக்கினார். அந்த வரிசை முழுக்க அதே சத்தம். கொழம்பு, கொழம்பு என்று. வாளி போனதும் காலியாகத் திரும்பியது.

மூன்றாவது பந்தி பாதியில் பெரிய மாமா ஓடிவந்தார். துண்டு தோளில் இல்லை.

"ஆத்தா, கொழம்பு இருக்கா? இன்னும் ரெண்டு பந்திக்கு ஆளு நிக்கிது."

"முந்நூறுன்னுதான சொன்னீக?"

"பிளக்ஸப் பாத்துட்டு அழைக்காத ஆளெல்லாம் வந்து நிக்கிதுத்தா. நான் என்ன செய்யட்டும்? தண்ணிய ஊத்தி ஒரு கொதி விட்டு நீட்டிரு."

"ஊத்த மாட்டேன்."

"மானம் போயிரும்!"

"தண்ணி ஊத்துனா என் மானம் போகும். கறி இருக்க மட்டும்தான் கறிக்கொழம்பு. மிச்சப் பேருக்கு ரசமும் முட்டையும் வைக்கிறேன். போயி உக்காரச் சொல்லுங்க."

அவர் கத்தினார். நானும் கத்தினேன். ஆட்கள் கையில் வாளியோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அவர்தான் போனார். நான் முட்டையை அவிக்கப் போட்டேன், தக்காளியைப் பிழிந்து ரசம் கூட்டினேன். அடுத்த பந்தியில் இருந்தவர்களுக்குக் குழம்பு எட்டியது. கடைசிப் பந்திக்கு எட்டவில்லை. அதில் இருந்த சிலர், "டிவிக்காரி கறி போடல" என்று சொல்லிக்கொண்டே நாலு தடவை ரசம் வாங்கினார்கள். அழைக்காமல் வந்தவர்களுக்கு அதுவே அதிகம்.

நெருப்பை அணைத்துவிட்டு வாசல் பக்கம் வந்து உட்கார்ந்தேன். கை கால் எல்லாம் விட்டுப்போயிருந்தது. சம்பந்தி வழியில் வயதான அம்மா ஒருவர் கம்பம் ஊரிலிருந்து வந்திருந்தார். ரெண்டாவது பந்தியில் சாப்பிட்டவர். என்னைத் தேடிக்கொண்டு வந்து எதிரில் நின்றார்.

"நீதான சமைச்சது?"

"ஆமா. டிவில வந்தவதான்" என்றேன். எரிச்சலில் நானே முந்திச் சொன்னேன்.

"டிவியா? எனக்கு அதெல்லாம் கண்ணு தெரியாது ஆத்தா. சாப்பிட்டேன், நல்லாருந்துச்சு. எங்க வீட்ல தையில பேத்திக்குக் கல்யாணம். காலையில இட்லி, மத்தியானம் கறிச்சோறு. வாரியா?"

சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"வாறேன். ஆனா எத்தன பேருன்னு சரியாச் சொல்லணும். கூடச் சொன்னாலும் சொல்லுங்க, கொறச்சுச் சொல்லிராதீக."